நடப்போர் தாகமும் நல்ல தண்ணீரும்

தை பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலையோரங்கள் பச்சை வேட்டிகளாலும் காவடிகளாலும் நிறைந்துவிடுகின்றன. இவர்கள் பழனியை நோக்கி 150 கிலோமீட்டருக்கும் மேல் நடப்பவர்கள். பங்குனியிலும் சித்திரையிலும் மஞ்சள் ஆடை உடுத்திய கூட்டம் கீரனூர் வழியாகச் சமயபுரத்துக்கு நடக்கிறது. ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்வோர் கிழக்கு நோக்கி நடக்கிறார்கள். இவர்களுக்கிடையே, நார்த்தாமலை, சித்தன்னவாசல் குன்றுகளில் முதுகுப்பையுடன் ஏறும் கல்லூரி இளைஞர்களையும் இப்போது காணமுடிகிறது. ஒவ்வொருவரும் நடப்பதற்குரிய காரணம் வேறு. தேவை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அது தண்ணீர்.

வெயிலில் நாள் முழுதும் நடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படலாம். ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோ. நான்கு நாள் பயணத்துக்கு வேண்டிய நீரைச் சுமந்து செல்வதென்றால் தோளில் 20 கிலோ ஏறும். அது நடவாத காரியம். ஆகவே, நடப்பவர் எவராயினும் வழியில் கிடைக்கும் நீரைத்தான் குடித்தாக வேண்டும். அந்த நீரை நம்பிக் குடிக்கலாமா, நம்ப முடியாதெனில் என்ன செய்வது என்பவையே இங்கே ஆராயவேண்டிய கேள்விகள்.

கணக்கில் வராத குடிமகன்

குடிநீர்த் திட்டங்கள் அனைத்தும் வீட்டை அலகாகக் கொண்டவை. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வோர் ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், வீட்டை விட்டு ஐந்து நாள்கள் சாலையில் இருப்பவர் எந்த வீட்டின் கணக்கிலும் சேரமாட்டார். அவர் நடந்து கடக்கும் சிற்றூரின் மேல்நிலைத் தொட்டி அவ்வூர் மக்களுக்கென அளந்து கட்டப்பட்டது. திருவிழா நாள்களில் அங்கே ஆயிரக்கணக்கானோர் வந்து நிற்பார்கள் என்று எந்தப் பொறியாளரும் கணக்கிட்டிருக்க மாட்டார்.

முன்னோர் இந்தக் கணக்கைப் போட்டிருந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு கிடையாது. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அடங்கிவிடும். மேற்கே பாறை நிலம். கடலோர வட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆகவே மழைநீரைத் தேக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாசனத்துக்குக் கண்மாய், குளிக்கக் குளம், குடிக்க ஊருணி என்று நீர்நிலைகளைப் பயனுக்கேற்பப் பிரித்தார்கள். ஊருணியில் குளிக்கவோ துவைக்கவோ கூடாது, ஆடுமாடுகளை இறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வழிப்போக்கருக்கெனச் சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் பாதையில் மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்கள் இதற்குச் சான்று.

அந்த ஏற்பாட்டை முழுமையானதென்று போற்றிவிட முடியாது. எந்த நீர்த்துறையில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. ஆனால், பொது நீரைக் காப்பது பொதுக் கடமை என்ற விதி அதில் இருந்தது. வீட்டுக்குக் குழாய் வந்தபின் பல ஊருணிகள் காவலின்றிப் போயின. வழிநடையில் அந்த இடத்தை முதலில் தண்ணீர்ப் பாக்கெட் பிடித்துக்கொண்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டபோது பாக்கெட்டும் அப்பட்டியலில் சேர்ந்தது. இப்போது மீந்திருப்பவை பாட்டில், கேன், தண்ணீர்ப் பந்தலின் டிரம், ஊராட்சிக் குழாய், கைப்பம்பு ஆகியவையே.

தெளிவு வேறு, தூய்மை வேறு

நீரைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மனித இயல்பு. கலங்கலாக இருந்தால் ஒதுக்குகிறோம். பளிங்குபோல் இருந்தால் அள்ளிக் குடிக்கிறோம். இந்த இயல்பு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு 1854ஆம் ஆண்டு இலண்டன் நகரின் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பு வரலாற்றுச் சாட்சி. அந்நீர் சுவையானது என்று பெயர் பெற்றிருந்தது. அதன் சுவைக்காகவே, அவ்வட்டாரத்தை விட்டுத் தொலைவில் குடியேறிவிட்ட ஒரு மூதாட்டி அங்கிருந்து நாள்தோறும் நீர் வரவழைத்துக் குடித்துவந்தார். அவர் வாழ்ந்த பகுதியில் காலரா இல்லாதிருந்தும் அவர் காலராவால் இறந்தார். மருத்துவர் ஜான் ஸ்னோ, நோய் நீர் வழியே பரவுகிறது என்று நிறுவுவதற்கு இந்த இறப்பு வலுவான சான்றாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884இல், ராபர்ட் காக் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார்.

அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்களுக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கொடுமையின் சமூகப் பரிமாணம் தனியே பேசப்பட வேண்டியது. குடிநீர் பற்றிய பாடமும் அதில் உண்டு. குழந்தைகள் நோயுற்று, நீரின்மேல் ஐயம் எழுந்த பிறகே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். கலந்திருந்ததைக் குழாயடியில் நின்றவர்களின் கண் காட்டிக்கொடுக்கவில்லை. சிறு குழந்தைகளின் உடல்தான் காட்டிக்கொடுத்தது.

நடப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்ட நீரின் விளைவு உடனே தெரிவதில்லை. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள்களுக்குள் வெளிப்படலாம். டைபாய்டு வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். ஹெபடைட்டிஸ் இ வகை மஞ்சள்காமாலைக்கு இரண்டு முதல் எட்டு வாரங்கள் வரைகூட ஆகும். யாத்திரை முடிந்து, ஊர் திரும்பி, வழிநடையை மறந்துவிட்ட ஒரு நாளில் காய்ச்சல் வருகிறது. அதை ஏதோ ஓர் ஊரின் ஒரு குவளை நீரோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை. எனவே, 'இருபது வருஷமாக நடக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை' என்ற கூற்றைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

மூவகை மாசு

நீரில் சேரும் மாசு மூவகை. முதலாவது, மிதக்கும் மண், தூசு, பாசி முதலிய கலங்கல். இரண்டாவது, கிருமிகள். இவற்றுள் பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள் என மூன்று இனங்கள் உண்டு. மூன்றாவது, கரைந்திருக்கும் உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட், பூச்சிமருந்து போன்றவை. இந்த மூன்றையும் ஒருசேர நீக்கும் எளிய முறை எதுவும் இல்லை. எந்த முறை எந்த மாசை நீக்கும் என்று அறிவதே நீரைத் தூய்மையாக்கும் கலையின் அரிச்சுவடி.

வழிநடைக்கு மூன்றாவது வகை பெரும் அச்சம் தருவதன்று. ஃபுளூரைடு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால்தான் பல்லும் எலும்பும் கெடும்; ஐந்து நாளில் அது நேராது. உவர்ப்பை நாக்கே சொல்லிவிடும். வயல் வடிகால், சாயப்பட்டறை, தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவு கலக்க வாய்ப்புள்ள நீரை மட்டும் எந்த முறையையும் நம்பாமல் ஒதுக்கிவிட வேண்டும். காய்ச்சினாலும் குளோரின் இட்டாலும் அந்த நஞ்சு போகாது. நடப்பவரை வீழ்த்துவது இரண்டாவது வகையான கிருமிகளே. முதல் வகையான கலங்கல், கிருமிக்குப் புகலிடமாக இருந்து மருந்தின் வலுவைக் குறைக்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தெளிவிப்பது, அடுத்துக் கிருமியைக் கொல்வது, பிறகு மூடிக் காப்பது. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டின் பயன் குறைந்துபோகும்.

தெளிவித்தல்

நீரைத் துணியில் வடிகட்டுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு படுக்கைகள் உள்ளன. அங்கே தவமிருந்த துறவிகள் சமணர்கள். நீரை வடிகட்டியே அருந்தவேண்டும் என்பது சமண மரபின் ஒழுக்க விதி. நீரில் வாழும் சிற்றுயிர்க்கு ஊறு நேரக்கூடாது என்பதே அவர்கள் நோக்கம். தம் உடல்நலம் அதில் இரண்டாம் பட்சம். எனினும், அந்த அறத்தால் அருந்தியவருக்கும் நன்மை விளைந்திருக்கும்.

எவ்வளவு நன்மை என்பதை அறிவியல் அளந்திருக்கிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் ஆகியோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 65 சிற்றூர்களில் சுமார் 1,33,000 பேரிடையே ஓர் ஆய்வு நடத்தினர். பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்கும் மேலாக மடித்து, அதன்வழியே குளத்து நீரை வடிகட்டிக் குடிக்கச் செய்தனர். காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கூறுகிறது. காலராக் கிருமி, துணியின் கண்ணை விட மிகச் சிறியது. ஆனால், அது பெரும்பாலும் நீரிலுள்ள சிறு மிதவை உயிரிகளின்மேல் ஒட்டி வாழ்கிறது. அவை துணியில் தங்கும்போது கிருமியும் தங்கிவிடுகிறது. பலமுறை துவைத்த பழந்துணியே இதற்கு ஏற்றது. நூல் விரிந்து கண்கள் சுருங்கியிருக்கும்.

இந்த ஆய்வின் மறுபாதியையும் கருத வேண்டும். 48 சதவீதம் குறைந்தது என்றால் ஏறத்தாழ பாதி குறையவில்லை என்று பொருள். துணி தெளிவிக்கும், பாதுகாப்பை அதனிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. தேற்றாங்கொட்டையும் இப்படித்தான். பானையின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்தால் கலங்கல் திரண்டு அடியில் படியும். இந்தப் பயன்பாடு உலகறிந்தது; அம்மரத்தின் தாவரவியல் பெயரிலேயே 'குடிப்போருக்குரியது' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல் இடம்பெற்றுள்ளது. அதுவும் கலங்கலை நீக்கும் வழிதான். கிருமிக்கு வேறு வழி தேட வேண்டும்.

கொல்லுதல்

கிருமியைக் கொல்லும் வழிகளில் மூத்ததும் உறுதியானதும் காய்ச்சுதல். நீர் தளதளவென்று கொதிநிலையை அடைந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூன்று வகைக் கிருமிகளும் மாயும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைகளில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கு மூன்று நிமிடம் வேண்டும். இருபது நிமிடம் காய்ச்சுவது எரிபொருளுக்குத்தான் கேடு. காய்ச்சுவதன் குறை, அடுப்பும் நேரமும் ஆறவைக்கும் பாத்திரமும் தேவைப்படுவது. சமையல் வண்டியுடன் செல்லும் குழுவினர் இரவில் சோறு வடித்த அடுப்பிலேயே மறுநாளைக்கான நீரைக் காய்ச்சி மூடிவைக்கலாம். தனியாக நடப்பவருக்கு இது எளிதன்று.

இரண்டாவது வழி குளோரின். மருந்துக்கடைகளில் கிடைக்கும் குளோரின் மாத்திரையை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் இட்டு, 30 நிமிடம் மூடிவைத்துக் குடிக்க வேண்டும். இதில் மூன்று செய்திகள் முக்கியம். ஒன்று, நீர் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கல் நீரில் குளோரினின் வலு மண்ணோடு வினைபுரிவதிலேயே தீர்ந்துபோகும். இரண்டு, அந்த அரைமணி நேரத்தைக் குறைக்கக்கூடாது. மாத்திரை கரைந்ததுமே குடிப்பவர் மருந்தையும் கிருமியையும் சேர்த்துக் குடிக்கிறார். மூன்று, குளோரின் பாக்டீரியாவையும் பெரும்பாலான வைரஸ்களையும் அழிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி மட்டும் அதற்கு அடங்காது. இந்தக் குறை இருந்தும் குளோரினுக்கு வேறெந்த முறைக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அது நீரிலேயே தங்கி, பிறகு நுழையும் கிருமியையும் தாக்கும். காய்ச்சிய நீரில் அழுக்குக் கை பட்டால் அந்த நீர் மீண்டும் கெடும். குளோரின் எஞ்சியுள்ள நீருக்கோ ஒரு காவலன் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதிப்பது இதனால்தான். பலர் முகம் சுளிக்கும் அந்த மருந்து வாடை, நீருக்குக் காவல் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

மூன்றாவது வழி வெயில். லெபனானில் அஃப்திம் அக்ரா தொடங்கிய ஆய்வை ஒட்டி, 1990களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதை முறைப்படுத்தினர். நிறமற்ற, கீறல் விழாத இரண்டு லிட்டருக்கு மிகாத பிளாஸ்டிக் பாட்டிலின் தாளுறையைக் கிழித்துவிட்டு, தெளிந்த நீரை நிரப்பி, நேர்வெயிலில் படுக்கவைத்து ஆறு மணி நேரம் விட்டால், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளை அழிக்கும். வானம் மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள்கள் வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத புதுக்கோட்டைக்கு இது பொருந்தும். வெயில் ஏறியதும் மரநிழலில் ஓய்ந்து மாலையில் மீண்டும் நடையைத் தொடங்குபவர்கள் பாதயாத்திரையில் பலர். அவர்கள் ஓய்வெடுக்கும் அதே ஆறு மணி நேரம் பாட்டிலைப் பாறைமேல் கிடத்தினால், மாலைப் பயணத்துக்கு நீர் ஆயத்தமாகிவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

நான்காவது, மலையேற்றப் பயணிகள் பையில் வைத்திருக்கும் நுண்துளை வடிகட்டி. இதில் மெல்லிய குழாய்கள் கற்றையாக அடைக்கப்பட்டிருக்கும். அவற்றின் சுவரில் உள்ள துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பாக்டீரியாவும் குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியமும் அதில் சிக்கிக்கொள்ளும். ஆனால், வைரஸ்கள் அதனினும் சிறியவை. அவற்றுள் பல துளை வழியே சென்றுவிடும். ஆள் நடமாட்டம் அற்ற மலைச்சுனையில் வைரஸ் அச்சம் குறைவு. ஆயிரம் பேர் கடந்துபோன சாலையோரத்தில் அந்த அச்சம் மிகுதி. மேலைநாட்டுக் காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளம்பரத்தை நம்பி, வடிகட்டியொன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது. வடிகட்டி, பிறகு குளோரின் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்தால் ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்யும்.

செம்புப் பாத்திரம் பற்றியும் கேட்பார்கள். பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவின்படி, கிருமி கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது வயிற்றுப்போக்கு பாக்டீரியாக்கள் அழிந்தன. நம் பாட்டிமார் வழக்கத்துக்கு ஆய்வுக்கூடம் தந்த சான்று இது. ஆனால் 16 மணி நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் செம்புப் பாட்டிலில் நிரப்பி ஒருமணி நேரத்தில் குடித்தால் கிடைப்பது குளிர்ச்சி மட்டுமே. உறைய வைத்தாலும் கிருமி சாகாது என்பதால் பனிக்கட்டி இட்ட பழச்சாறும், கெட்ட நீரில் கரைத்த நீர்மோரும் பாதுகாப்பானவை அல்ல.

சுனைநீரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கோவை வெள்ளியங்கிரி மலையில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை ஆகியவற்றின் நீரை மலையேறும் அடியார்கள் குடிக்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படித் திறந்ததிலிருந்து மலைக்குச் செல்வோர் தொகை பெருகிவருகிறது. சுனையின் தூய்மை அதை நாடுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நூறு பேர் சென்ற காலத்துச் சுனையும், இலட்சம் பேர் செல்லும் காலத்துச் சுனையும் ஒன்றாகா. புனிதம் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. அந்த நீரையும் ஒரு மாத்திரை இட்டுக் குடிப்பதில் நம்பிக்கைக்குக் குறைவொன்றும் நேராது.

ஒருவர் நோய், ஊர் நோய்

இதுவரை சொன்னதெல்லாம் தனிமனிதருக்குரியது. பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சுட்ட விரும்புகிறேன். குடிநீரில் ஒருவர் காட்டும் அலட்சியத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. வயிற்றுப்போக்கு கண்ட ஒருவர் வழியில் ஒதுங்கும் இடம் பெரும்பாலும் ஒரு கண்மாய்க்கரை. அடுத்த மழையில் அது நீரில் கலந்து, யாத்திரைக்கே வராத ஒரு குடும்பத்தைச் சென்று சேர்கிறது. 1867ஆம் ஆண்டு ஹரித்துவார் கும்பமேளாவுக்குப் பின், திரும்பிச் சென்ற யாத்திரிகர்களின் பாதைகள் வழியாக வட இந்தியா எங்கும் காலரா பரவியது வரலாறு. இத்தகைய புறவிளைவு உள்ள பொருளைச் சந்தையிடம் மட்டும் விட்டால் தேவையான அளவு கிடைக்காது என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம்.

இதற்கு நேரடிச் சான்று கென்யாவில் உள்ளது. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமர், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பல ஆண்டுகள் குடிநீர் பற்றி ஆய்ந்தார். வீடுகளில் பயன்படுத்தும் குளோரின் கரைசலைப் பாதி விலைக்குக் கொடுத்தபோதுகூட வெகு சிலரே வாங்கினர். அதே கரைசலை, நீர் எடுக்கும் இடத்திலேயே, குழாயைத் திருகினால் சரியான அளவு விழும்படி இலவசமாக வைத்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர். அறிவுரையை விட, விலைத் தள்ளுபடியை விட, கை எட்டும் இடத்தில் பொருள் இருப்பதே பழக்கத்தை மாற்றியது. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்து அவர் குழுவினர் பின்னர் செய்த ஆய்வு, நீரைச் சுத்திகரிப்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று மதிப்பிட்டது.

நீர் எடுக்கும் இடத்தில் மருந்தை வைப்பதற்கான அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் தண்ணீர்ப் பந்தல். ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் இளைஞர் மன்றங்களும் சொந்தச் செலவில் நடத்தும் இந்த அறச்செயலில் குறைவது ஒரு சிறு நுட்பம் மட்டுமே. டிரம்மில் நீர் நிரப்பியதும் குளோரின் இடவேண்டும். 20 லிட்டருக்கு ஒன்று எனக் குறிக்கப்பட்ட மாத்திரையானால் 200 லிட்டர் டிரம்முக்குப் பத்து. ஒரு டிரம்மில் மருந்து ஊறிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றிலிருந்து வழங்க, இரண்டு டிரம்கள் வேண்டும். டிரம்முக்கு மூடியும் அடியில் குழாயும் இருக்கவேண்டும். வாய்திறந்த அண்டாவில் ஆளுக்கு ஆள் குவளையை முக்கி எடுக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதி வெற்றி. மூலத்தில் நன்றாக இருக்கும் நீர்கூட மொண்டு எடுக்கும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. தொட்டி ஓர் ஊருக்குப் பொதுவெனில், அங்கே முக்கப்படும் கை எல்லா ஊருக்கும் பொது.

செலவையும் பார்ப்போம். ஐம்பது பேர் கொண்ட குழு, ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், ஐந்து நாள் பயணம். தேவை 1,250 லிட்டர். லிட்டர் 20 ரூபாய்க்குப் பாட்டில் வாங்கினால் 25,000 ரூபாய். வீசியெறியப்படும் பாட்டில்கள் 1,250. அதே நீரை ஊராட்சிக் குழாய்களில் பிடித்துத் துணியில் வடிகட்டி மருந்திட்டால், 20 லிட்டர் மாத்திரைகள் 63 போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். 25,000 ரூபாய் செலவழிக்க இயலாத எளியவர்களே பாதயாத்திரையில் மிகுதி. பாட்டில் வாங்க முடிந்தவருக்குப் பாதுகாப்பு, முடியாதவருக்கு வயிற்றுப்போக்கு என்ற பிரிவினையை அந்தச் சில நூறு ரூபாய் அழித்துவிடும்.

ஊராட்சிகளும் பொதுச் சுகாதாரத் துறையும் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. யாத்திரைப் பாதையில் உள்ள மேல்நிலைத் தொட்டிகளைத் திருவிழாவுக்கு முன் கழுவி, நாள்தோறும் குளோரின் இடுவதை உறுதிசெய்யலாம். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். திறந்து வைத்தால் அதுவும் வலுவிழக்கும். ஆகவே பழைய மூட்டையை நம்பக்கூடாது. சுகாதார ஆய்வாளர்கள் கைவசமுள்ள குளோரோஸ்கோப் கொண்டு தண்ணீர்ப் பந்தல்களில் ஒரு துளிச் சோதனை செய்து, குளோரின் உள்ள பந்தலுக்கு ஓர் அடையாள அட்டை மாட்டலாம். பந்தல் அமைக்க முன்வருவோருக்கு மாத்திரைகளை இலவசமாக வழங்கலாம். கென்யாவின் பாடம் இங்கே அப்படியே பொருந்தும்.

நடப்பவர் பையில் இருக்கவேண்டியவையும் நான்கே: மடித்த பழம் பருத்தித் துணி, குளோரின் மாத்திரை அட்டை ஒன்று, மூடியுள்ள இரண்டு பாட்டில்கள், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. ஒரு பாட்டிலில் மருந்து ஊறும்போது மற்றதிலிருந்து குடிக்கலாம். கடைசிப் பொருளைக் கூடுதலென்று எண்ணவேண்டாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வயிறு கெடும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பொட்டலம் இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். வயிற்றுப்போக்கு நிற்காமல் தொடர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் குறைந்து மயக்கம் வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதை நம் சமூகம் என்றும் பேரறமாகக் கருதிவந்திருக்கிறது. அந்த அறம் இன்றும் வற்றவில்லை என்பதை ஒவ்வொரு தையிலும் சாலையோரப் பந்தல்கள் காட்டுகின்றன. டிரம்முக்குப் பத்து மாத்திரையும் அரைமணி நேரப் பொறுமையும் அதனுடன் சேர்ந்தால், குடித்தவர் தாகம் தீர்ந்ததோடு நலமாகவும் ஊர் திரும்புவார். வரும் தைக்கு முன்பே இதை ஒவ்வொரு பந்தலிலும் நடைமுறைப்படுத்த முடியும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)